புலம்பத் தெரியாத சபை



இந்த வாரத் தியானம் சற்று வேறுவிதமாக அமைகிறது. சென்ற மாதக் கமிட்டிக் கூட்டத்தின் முடிவில் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த நால்வர் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தனர். சபை வளாகத்தில், வேப்பமரத்தடியில், ஒரு சனிக்கிழமை மாலை இசைக்கூட்டம் நடத்த அனுமதி வேண்டும் என்றனர். இரண்டு கிட்டார், ஒரு மௌத் ஆர்கன், ஒரு பறை. அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த புளூஸ், கன்ட்ரி பாணியிலான விசுவாசப் பாடல்கள் சிலவற்றையும், அதே பாணியில் நம் கீர்த்தனைகள் சிலவற்றையும் பாடுவார்களாம். டிராக் போடமாட்டார்கள், எல்லாம் நேரடியாகவே வாசிக்கப்படும்.

மறுநாளே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. நான் மிகவும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் நேரில் வந்தார். இந்த ஆலயத்தின் கூரைக்காகத் தம் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தவர் அவர். "பாஸ்டர், ராக்கும் புளூஸும் சாத்தானின் இசை என்று நீங்களே ஒருமுறை பிரசங்கித்திருக்கிறீர்கள்" என்றார். உண்மைதான். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபர் முகாமில் அப்படிப் பேசினேன். அப்பொழுது அந்த இசையில் ஒரு பாட்டையாவது முழுமையாகக் கேட்டிருந்தேனா என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

அந்த ஐயாவின் வீட்டுக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் கேரல் குழுவோடு போகிறேன். படியேறும்போதே ஜிம் ரீவ்ஸின் குரல் கேட்கும். முன்பு கேசட்டில் பாடினார், பிறகு குறுந்தகட்டில், இப்போது கைபேசியில். தென்சென்னையில் மட்டுமா? தாம்பரம், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளிலும் பரங்கிமலையிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வழியாகவும், இலங்கை வானொலி வழியாகவும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட அந்தக் குரல் இன்றும் வெளியே போகவில்லை. அவருடைய கிறிஸ்மஸ் தொகுப்பு 1963-இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே விமான விபத்தில் அவர் இறந்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும் நம் கேக்கின் மணத்தோடு அவர் குரல் கலந்திருக்கிறது. அவர் யார்? டெக்சாஸின் கிராமப்புறத்தில் பிறந்த கன்ட்ரி பாடகர். அவர் பாட்டும் அமெரிக்க மண்ணின் பாட்டுத்தான். அவரை நம்மில் எவரும் சாத்தானுக்கு ஒப்புக்கொடுத்ததில்லை. அவருடைய குரல் வெல்வெட்டைப் போன்றது, கரடுமுரடு கிடையாது, அழுகை கிடையாது, கேட்பவரை அது சங்கடப்படுத்தாது. ஆகையால் நம் ஆட்சேபணை அமெரிக்காவைக் குறித்ததும் அன்று, கிட்டாரைக் குறித்ததும் அன்று என்று எனக்குத் தோன்றிற்று. அந்த எண்ணத்தோடுதான் கடந்த சில வாரங்களாக அந்த இசையை உட்கார்ந்து கேட்டேன். கேட்டதையும் வாசித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

புளூஸ் என்பது பருத்திக் காட்டின் பாட்டு. அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய எஜமானின் நிலத்தையே வாரத்துக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் அவனிடமே கடன்பட்டு, அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கையில் மீண்டும் கடனாளிகளாகவே நின்றனர். இது நமக்கு அந்நியமான கதையா? நம் பீர்க்கன்கரணை அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையை வாசித்துப் பாருங்கள். பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த மக்களின் நிலைமையை அவர் விவரிக்கும் பக்கங்களில் ஊர்ப்பெயர்களை மாற்றினால் மிசிசிப்பி என்றே நினைப்பீர்கள். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு வந்தது. அந்த நிலங்கள் பின்னர் யார் கைக்குப் போயின என்பது வேறொரு நாளுக்குரிய தியானம்.

அந்த மிசிசிப்பி மக்களின் பாட்டில் ஓர் அமைப்பு உண்டு. ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே மறுபடியும் பாடுவார்கள். மூன்றாம் அடியில் அதற்குப் பதில் வரும். பாடகர் ஓர் அடி பாடி நிறுத்தியதும் கிட்டார் பேசும்; அது நின்றதும் அவர் பாடுவார். ஆலயத்தில் போதகர் சொல்ல, சபையார் மறுமொழி கூறும் முறையும் இதுவே. நம் இழவு வீட்டில் ஒரு தாய் ஒப்பாரியைத் தொடங்க, சுற்றியிருப்போர் மாரடித்து வாங்கிப் பாடுவதும் இதுவே. கிட்டாரின் தந்தியைச் சில கலைஞர்கள் விரலால் அழுத்துவதில்லை. உடைந்த புட்டியின் கழுத்தையோ, ஒரு கத்தியையோ தந்தியின்மேல் வைத்து வழுக்குவார்கள். அப்போது ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு நாதம் தாவாமல் இழைந்து போகும், விம்முகிற மனிதக் குரலைப் போல. நம் சித்திரவீணைக் கலைஞரும் மெட்டுகள் இல்லாத தந்திகளின்மேல் ஒரு கட்டையை வழுக்கித்தான் வாசிக்கிறார்.

வெள்ளையரில் ஏழைகளாயிருந்த மலைநாட்டாருக்கும் ஒரு பாட்டு மரபு இருந்தது. 1927-இல் டென்னசி மாநில எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்ற ஊரில் கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராஜர்ஸும் பதிவுசெய்த பாடல்களிலிருந்து கன்ட்ரி இசையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆனால் கார்ட்டர் குடும்பத் தலைவர் பாட்டுத் தேடி மலைகளில் அலைந்தபோது உடன்போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். அவரிடமிருந்து அந்தக் குடும்பம் பாட்டையும் கற்றது, வாசிப்பையும் கற்றது. ஏழைகள் இருவரும் ஒருவர் பாட்டை ஒருவர் அறிந்திருந்தனர். பதிவுக் கம்பெனிகளோ இசைத்தட்டுகளை விற்கும்போது கறுப்பர் பாட்டுக்கு ஒரு பட்டியல், வெள்ளை நாட்டுப்புறத்தாருக்கு வேறொரு பட்டியல் என்று பிரித்து வைத்தன. இதை வாசித்தபோது தேநீர்க் கடையின் இரட்டைக் குவளைதான் என் நினைவுக்கு வந்தது. தேநீர் ஒன்றே, பாத்திரம் வேறு.

இந்த இசையில் எனக்கு மிக நெருக்கமாகிவிட்டவர் குருடர் வில்லி ஜான்சன். டெக்சாஸின் தெருக்களில் நின்று பாடிய சுவிசேஷகர் அவர். 1927 டிசம்பரில் டல்லாஸ் நகரில் ஒரு பதிவு செய்தார். கெத்செமனே தோட்டத்தின் இருண்ட இரவையும் குளிர்ந்த தரையையும் குறித்த ஒரு பழைய பாமாலையின் பெயர்தான் அதற்கு. ஆனால் பாமாலையின் சொற்கள் அதில் இல்லை. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பதிவு முழுவதும் அவர் முனகுகிறார். கிட்டார் அவரோடு சேர்ந்து முனகுகிறது. தோட்டத்தில் நம் ஆண்டவர் முகங்குப்புற விழுந்து கிடந்த அந்த மணி நேரத்தைப் பற்றி நான் முப்பது பெரிய வெள்ளிக்கிழமைகள் பிரசங்கித்திருக்கிறேன். சொற்களைக் குவித்திருக்கிறேன். இந்த மனிதர் ஒரு சொல்லும் பேசாமல் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளைக் குறித்து ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருப்பதற்கு ஒலி உண்டானால் அது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். 1977-இல் விண்வெளிக்கு அனுப்பிய வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் இந்தப் பதிவையும் சேர்த்தனர். நம் நாட்டின் கேசர்பாய் கேர்கரின் பாட்டும் அதே தட்டில் உண்டு. வில்லி ஜான்சனோ 1945-இல், வீடு தீக்கிரையானபின் அதன் இடிபாடுகளிலேயே படுத்துக் காய்ச்சல் கண்டு இறந்தவர்.

"சாத்தானின் இசை" என்ற பேச்சுக்கு வருவோம். மிசிசிப்பியைச் சேர்ந்த ராபர்ட் ஜான்சன் என்ற கலைஞர் நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசுக்குத் தம் ஆத்துமாவை விற்று வாசிப்புத் திறமையைப் பெற்றார் என்று ஒரு கதை உண்டு. யூடியூபில் இதைக் காட்டிப் பிரசங்கிக்கிறவர்களும் உண்டு. அவர் ஒரு மூத்த கலைஞரிடம் தங்கிப் பயின்றார் என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் செய்தி. ஓர் ஏழைக் கறுப்பு வாலிபன் மிக நன்றாக வாசித்தால் அதைச் சாதகத்தின் பலன் என்று நம்ப மனமில்லாமல் பிசாசின் கணக்கில் எழுதுவது உலகத்துக்கு எளிதாயிருந்திருக்கிறது. ஆனாலும் ஐயாவின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புளூஸ் ஒலித்த இடங்களில் பெரும்பாலானவை சாராயக் கடைகள். பாடல்களில் பலவற்றை நம் பிள்ளைகள் முன் பாட முடியாது. இக்காலக் கச்சேரிகளின் பின்னாலிருக்கும் மதுபானக் கம்பெனிகளின் விளம்பரத்தையும் நான் அறிவேன். இருந்தும் அந்தச் சாராயக் கடைப் பாடகர்களில் ஒருவரையே கர்த்தர் எடுத்து என்ன செய்தார் என்பதைக் கேளுங்கள்.

தாமஸ் டார்சி 1899-இல் ஜார்ஜியாவில் பிறந்தவர், போதகரின் மகன். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மா ரெய்னியின் குழுவில் பியானோ வாசித்தார். இரட்டை அர்த்தப் பாடல்களால் பணமும் புகழும் பெற்றார். பிறகு மனம் திரும்பி, அதே புளூஸ் நடையில் தேவனைப் பாடும் பாடல்களை எழுதி சிகாகோவின் ஆலயங்களுக்கு எடுத்துச் சென்றார். பெரிய சபைகள் பல அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பின. 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் நகரில் எழுப்புதல் கூட்டத்துக்குப் போயிருந்தபோது தந்தி வந்தது: பிரசவத்தில் மனைவி மரித்துவிட்டாள். வீடு திரும்பியபின் பிறந்த குழந்தையும் இறந்தது. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார். அந்த நாட்களில் அவர் இயற்றிய பாடல்தான் 'விலையேறப்பெற்ற கர்த்தாவே, என் கையைப் பிடியும்' என்று பொருள்படும் தலைப்போடு உலகமெங்கும் பாடப்படுகிறது. மார்ட்டின் லூதர் கிங் மிகவும் நேசித்த பாடல் அது. 1968-இல் அவருடைய அடக்க நாளில் மகலியா ஜாக்சன் அதைப் பாடினார். நம் ஆலயத்திலும் ஆங்கிலத்தில் இருமுறை பாடியிருக்கிறோம். அதன் அடியில் ஓடுவது புளூஸ் என்று அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குந்தான்.

கறுப்பின மக்களின் ஆவிக்குரிய பாடல்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. பிஸ்க் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய ஜூபிலி பாடகர் குழு, லவ்டின் என்பவரின் தலைமையில் 1889, 1890 ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து பாடியது. 1936-இல் ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பினப் போதகர் தம் மனைவியோடு பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தார். காந்தியடிகள் அவர்களிடம் கேட்டது ஒரு பாட்டு: சிலுவையின் அடியில் நீ இருந்தாயா என்று வினவும் அந்தப் பாட்டு. மனுக்குலம் முழுவதும் துன்பத்தில் காணும் அனுபவத்தின் வேரை அது தொடுகிறது என்று அவர் கருதினாராம். 1959-இல் கிங் நம் நாட்டுக்கு வந்தபோது அவர் பேசிய அளவுக்கு அவருடைய மனைவி கொரெட்டா பாடினார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இனி வாலிபர்கள் வலியுறுத்தும் 'நேரடி' என்ற சொல்லைப் பற்றி. முதலில் இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர்களில் ஒருவன் தன் கைபேசியில் ஆல்மன் சகோதரர்கள் குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கில் மேடையில் வாசித்த பதிவைக் கேட்கக் கொடுத்தான். இனவெறி மிகுந்த தெற்கு மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்த குழு அது. ஒரு பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல் போகிறது. நடுவில் எல்லாரும் நின்றுவிட, ஒரு கிட்டார் மட்டும் தனியே தேடிக்கொண்டு போகிறது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், அது வழி கண்டு திரும்பும்போது சேர்ந்துகொள்ளுகிறார்கள். (எனக்கு அது சற்று அதிகம் என்றே பட்டது. பிரசங்கம் நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் உங்களை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.) ஆனால் காத்திருத்தல் என்ற அந்த ஒன்றை நான் மறக்கவில்லை. நம் ஆலயத்தில் இப்போது என்ன நடக்கிறது? பென் டிரைவில் டிராக் ஓடுகிறது. அது எவருக்கும் காத்திருப்பதில்லை. சென்ற ஈஸ்டர் ஆராதனையில் திருவிருந்துப் பாட்டு தன் நேரத்தில் முடிந்துவிட்டது. ஊன்றுகோலோடு வந்த ஒரு தாத்தா அப்போதுதான் நடுப்பாதையின் பாதியைக் கடந்திருந்தார். அந்த மௌனத்தில் அவருடைய கோலின் ஓசை ஆலயம் முழுவதும் கேட்டது. அவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்தார். முன்பு ஆர்கன் வாசித்த அம்மையார் இருந்திருந்தால் அவர் வந்து முழங்காற்படியிடும்வரை இன்னும் இரண்டு சரணங்களைச் சேர்த்திருப்பார்.

ஜானி கேஷ் என்ற கன்ட்ரி பாடகர் 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் பால்சம் சிறைச்சாலையில் கைதிகளுக்கு முன் பாடியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கைதிகளிடையே ஊழியம் செய்துவந்த கிரெசெட் என்ற போதகர் முந்தின நாள் அவரிடம் ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தார். அந்தச் சிறையின் கல்லாலான சிற்றாலயத்தைப் பற்றி கிளென் ஷெர்லி என்ற கைதி இயற்றிய பாட்டு அதில் இருந்தது. இரவோடிரவாக அதைக் கற்றுக்கொண்டு, மறுநாள் அந்தக் கைதி முன்வரிசையில் அமர்ந்திருக்க, கேஷ் அதைப் பாடினார். ஒலித்தட்டு நிலையத்தின் கண்ணாடி அறைக்குள் இது நிகழ்ந்திருக்க முடியாது. இந்தக் கதையைப் பிரசங்கங்களில் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஷெர்லி விடுதலையாகி, கேஷின் குழுவிலேயே சேர்ந்தார், நிலைக்கவில்லை. 1978-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். பாட்டு ஒருவனை இரட்சிக்கும் என்று நான் வாதாடவில்லை.

நான் சொல்ல நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவதை இப்போது சொல்லுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அடையாற்றின் பெருக்கில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நம் சபையாரில் பல குடும்பங்கள் அங்கே இருந்தன. டிசம்பர் 6, ஞாயிறு. சேறு மணக்கும் உடுப்போடு வந்து அமர்ந்தீர்கள். மின்சாரம் அப்போதுதான் திரும்பியிருந்தது. கீபோர்டில் வேகமான தாளம் ஒன்றைப் போட்டு, கைதட்டும் துதிப்பாடல்கள் ஐந்தைப் பாடுவித்தோம். சோர்ந்திருக்கும் மக்களை உற்சாகப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். சாட்சி நேரத்தில் ஒரு தாய் எழுந்து நின்றார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். நோயாளியாயிருந்த அவருடைய கணவரை அந்த வாரத்தில்தான் அடக்கம் செய்திருந்தோம். அவர் சாட்சி சொல்லவில்லை. முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு ஒப்பாரி பாடத் தொடங்கினார். கணவரை விளித்துப் பாடினார். பின்பு "அப்பா" என்று விளித்தார். அது பரலோகப் பிதாவை என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். ஆலயம் அசையாமல் இருந்தது.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அம்மா, நாம் நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்கலாகாது" என்றேன். கீபோர்டு வாசித்த தம்பிக்குக் கண்காட்டினேன். அடுத்த துதிப்பாடல் தொடங்கிற்று. அந்தத் தாய் அமர்ந்தார். அதற்குப்பின்னும் ஆலயத்துக்கு வந்தார். ஆனால் எந்தப் பாட்டிலும் அவருடைய வாய் அசைந்ததை நான் பார்த்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்குப்பின் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அவர் தெருவார் பறையோடு வந்தனர். கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே அவர்களை நிறுத்தச் சொன்னவனும் நானே. அது சபையின் வழக்கம் என்று காரணம் சொன்னேன்.

அந்த வழக்கம் சுவிசேஷத்திலிருந்து வந்ததா, சாதியிலிருந்து வந்ததா? நான் கற்ற மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலேயே இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருந்தது. பறட்டை அண்ணன் என்று நாங்கள் அழைத்த தியாபிலஸ் அப்பாவு ஐயா அங்கே நாட்டுப்புறப் பாட்டிலும் பறையிலும் ஆராதனை முறையையே அமைத்துக் கொடுத்தார். ஒடுக்கப்பட்டவர்களின் மெட்டில் பாடாத சபை அவர்களுடைய தேவனை எப்படி அறியும் என்பதே அவர் ஊழியத்தின் சாரம். நானும் அவரோடு சேர்ந்து கும்மியடித்துப் பாடியிருக்கிறேன். பட்டம் பெற்று, வெள்ளை அங்கி அணிந்து, நகரத்துச் சபைக்கு வந்ததும் அதை மறந்தேன். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் குறத்தியின் மெட்டைச் சுவிசேஷத்துக்குக் கொண்டுவந்ததைப் பெருமையோடு பேசுவேன்; பறையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவேன். ஆர்கனும் ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் சங்கீதங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று வேத அறிஞர் கணக்கிடுவார்கள். எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதல் இல்லாமலே முடிகிறது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள். இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தலைப்பிலுள்ள விடியற்காலப் பெண்மான் என்பது மக்கள் அறிந்த ஒரு மெட்டின் பெயராயிருக்கலாம் என்பர். அந்தச் சங்கீதத்தின் முதல் அடியைத்தான் நம் ஆண்டவர் சிலுவையில் கூப்பிட்டார். நம் பாட்டுத்தாளை எடுத்துப் பாருங்கள். கடந்த ஓராண்டில் நாம் பாடிய துதிப்பாடல்களைச் சென்ற வாரம் எண்ணினேன்; ஏன் என்று தேவனைக் கேட்கும் பாட்டு ஒன்றுகூட இல்லை.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்த பெயர். வடசென்னையின் இழவு வீட்டுக் கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில். அதற்கு இடம் கொடுத்தது சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம், அதாவது நம் திருச்சபையின் மண். அந்த நாட்களில் இதைச் செய்தித்தாளில் வாசித்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இப்போது அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது, அமெரிக்காவில் வேர்களைத் தேடிப்போன ராக் குழுக்கள் செய்ததை நம் ஊரில் இவர்களே செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர்களுடைய அரசியல் அனைத்தையும் நீங்கள் ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இழவு வீட்டின் பாட்டுக்குப் பள்ளி மைதானத்தில் இடம் இருக்குமானால் ஆலய வளாகத்தில் ஏன் இல்லை என்று மட்டும் கேட்கிறேன்.

விண்ணப்பம் கொடுத்த நால்வருள் பறை வாசிக்கும் பையன் அந்தத் தாயின் பேரன். கமிட்டியில் அவன் அதைக் குறிப்பிடவில்லை. நானும் குறிப்பிடவில்லை. கூட்டம் முடிந்தபின் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் தாயார் காப்பி கொடுத்தார். "ஐயா, அம்மா உங்களைக் குறை சொன்னதே இல்லை" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆகவே கமிட்டியாரின் சம்மதத்தோடு அனுமதி அளித்திருக்கிறேன். ஆட்சேபித்த ஐயா இன்னும் சம்மதிக்கவில்லை. வந்து கேட்டுவிட்டுச் சொல்லுவதாகக் கூறியிருக்கிறார். அது போதும். நுழைவுச் சீட்டு இல்லை. புகை இயந்திரமும் வண்ண விளக்கும் இல்லை. பாடல் வரிகளை நான் முன்னதாக வாசித்துவிட்டேன். ஒன்றை மட்டும் நீக்கச் சொன்னேன், சற்று முணுமுணுத்துவிட்டு நீக்கினார்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும். சுற்றியுள்ள வீடுகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. நடுவில் அரைமணி நேரம் எவரும் தங்கள் துக்கத்தைப் பாடலாம், பேசலாம், ஒப்பாரியும் சொல்லலாம். ஒருவரையும் நிறுத்தமாட்டேன். நாற்காலிகள் குறைவு, பாய் கொண்டுவாருங்கள்.

ஒரு காரியம் மீதமிருக்கிறது. பறையைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். வளாகத்தில் நெருப்பு மூட்டுவது எங்கே என்று கமிட்டியில் நெடுநேரம் பேசி, பழைய கிணற்றடி என்று முடிவாயிற்று. வைக்கோல் இருந்தால் நல்லது என்கிறான் அந்தப் பையன். ஒரு காலத்தில் ஏரிக்கரை முழுவதும் வயலாயிருந்த ஊர் இது; இப்போது ஒரு கட்டு வைக்கோலுக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உங்களில் எவர் வீட்டருகேயாவது இன்னும் மாடு வளர்ப்போர் இருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.